துளசியடியில் கிடைத்த திருமகள்



கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊரில் நின்று பார்த்தாலும் மலை கண்ணில் படாமல் இராது. மேற்கே கேரள எல்லையாக நிற்கும் ஏலமலைகள். கிழக்கே மேகமலையும் அதனைத் தொடர்ந்து செல்லும் வருசநாட்டு மலைகளும். இவ்விரு வரிசைகளுக்கும் நடுவே நெல்லும் திராட்சையும் தென்னையும் செழிக்கும் இந்நிலத்தில், கம்பராயப் பெருமாளும் காசி விசுவநாதரும் கம்பத்தில் ஒரே திருக்கோயில் வளாகத்தில் எழுந்தருளி அருள்பாலிக்கின்றனர். இங்கே வரும் அடியார்களில் பலர், கிழக்கே தெரியும் மலைத்தொடரின் மறுபுறச் சரிவில் எந்தத் தலம் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர். 2021-ஆம் ஆண்டில் இம்மலைக்காடுகளைப் புலிகள் காப்பகமாக அறிவித்த அரசு, அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை என்றே பெயர் சூட்டியது. ஆண்டாள் அவதரித்த ஊரும் நம்முடைய ஊர்களும் ஒரே மலையின் இரு பக்கங்கள்.

அந்த ஊரிலே விஷ்ணுசித்தர் என்னும் பெரியாழ்வார் நந்தவனம் வைத்து, வடபத்ரசாயிப் பெருமாளுக்கு நாள்தோறும் மாலை கட்டிச் சாத்தும் கைங்கரியத்தில் ஈடுபட்டிருந்தார். ஓர் ஆடி மாதத்துப் பூர நாளிலே, துளசிச் செடியின் அடியில் ஒரு பெண் மகவு கிடக்கக் கண்டார். வாரி எடுத்தார், கோதை என்று பெயரிட்டார், தம் மகளாகவே வளர்த்தார். இது நாம் அனைவரும் அறிந்த வரலாறு. இதனை மீண்டும் எழுத நேர்ந்தது ஏன் என்பதை முதலில் விண்ணப்பித்துக் கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், இப்பள்ளத்தாக்கில் உள்ள ஒரு கிராமத்தில் மார்கழி மாதத்தில் திருப்பாவை உபந்நியாசம் செய்யும் பேறு அடியேனுக்குக் கிடைத்தது. கோதையின் அவதாரத்தைச் சொல்லி முடித்த அன்று இரவு, கூட்டம் கலைந்த பின்னும் ஒரு மூதாட்டி தூணோரமாக உட்கார்ந்திருந்தார். அருகில் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சாமி, அந்தத் துளசிச் செடிக்கு அடியிலே பிள்ளையைப் போட்டுட்டுப் போனவ யாரு?"

கோதை பூமிப்பிராட்டியின் அவதாரம் என்றும், அவளை ஒருவரும் விட்டுச் செல்லவில்லை என்றும், அவள் தானே திருவுள்ளம் பற்றி அங்கே தோன்றினாள் என்றும் பெரியோர் வழிவந்த விடையைச் சொன்னேன். மூதாட்டி தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எடுக்கிறதுக்கு ஒரு ஆளு இருந்தாரே சாமி, அது போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்தச் சொல் அடியேனை வெகுநாள் உறங்க விடவில்லை. அவர் கேட்டது புராணத்தைப் பற்றிய ஐயம் அன்று என்பது பிறகுதான் விளங்கிற்று.

மலையின் இந்தப் பக்கம்

நம் வட்டாரத்துக்கு ஒரு பழி உண்டு. அதனைத் திருவிழா மலரில் எழுதலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். பெருமாள் திருமுன்னே சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

1986-ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகை, அண்டை நிலமாகிய உசிலம்பட்டிப் பகுதியில் பிறந்த பெண் குழந்தைகள் கொல்லப்படுவதை வெளியிட்டபோது நாடே திடுக்கிட்டது. 1992-ஆம் ஆண்டில் தமிழக அரசு, வேண்டாத பெண் மகவைக் கொல்லாமல் எங்களிடம் விட்டுச் செல்லுங்கள் என்று தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. 2001-ஆம் ஆண்டில் அது விரிவாக்கப்பட்ட மாவட்டங்களுள் நம் தேனி மாவட்டமும் ஒன்று. அவ்வாண்டின் மக்கள்தொகைக் கணக்கில், ஆறு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குத் தமிழகம் முழுவதிலும் 942 பெண் குழந்தைகள் இருந்தனர். நம் மாவட்டத்திலோ அந்த எண் 900-க்கும் கீழே இருந்தது. பின்னர் வந்த 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் நிலை உயர்ந்தது என்பது ஆறுதலே. ஆயினும், கள்ளிப்பால் போன இடத்துக்குக் கருவைக் காட்டும் கருவி வந்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்க 1994-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

மறுபுறத்தில் ஓர் அந்தணர், தமக்குப் பிறவாத பெண் மகவை மண்ணிலிருந்து எடுத்தார். இந்தப் பக்கத்தில், தமக்குப் பிறந்த பெண் மகவை மண்ணில் இட்டவர் இருந்தனர். நடுவே நிற்பது ஒரு மலைதான். இந்த வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டு, உலகத்துச் சமயங்கள் பெண் பிறப்பை எவ்வாறு எதிர்கொண்டன என்று சற்றே ஆராய்வோம்.

பிற சமயங்களின் சான்று

பௌத்த நூல்களில் ஒரு செய்தி வருகிறது. கோசல நாட்டு மன்னன் பசேனதி புத்தர் அருகே அமர்ந்திருந்தபோது, அரசி மல்லிகைக்குப் பெண் பிறந்தது என்ற செய்தி வந்தது. மன்னன் முகம் வாடிற்று. அதனைக் கண்ட புத்தர், அறிவும் ஒழுக்கமும் உடைய பெண் ஆணினும் மேலானவளாகக் கூடும் என்று எடுத்துரைத்து அவனைத் தேற்றினார். பெண்களைத் துறவில் சேர்க்க முதலில் அவர் தயங்கினார் என்றும், சிற்றன்னை மகாபிரஜாபதிக்காக ஆனந்தர் பன்முறை வேண்டிய பின்னரே இசைந்தார் என்றும் அந்நூல்களே சொல்கின்றன. ஆயினும் அவ்வாறு துறவு பூண்ட பெண்டிரின் பாடல்கள் தேரிகாதை என்னும் தனி நூலாக இன்றும் போற்றப்படுகின்றன.

சமணம் நம் பள்ளத்தாக்குக்குப் புதியதன்று. உத்தமபாளையத்துப் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் திருமேனிகளும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன. அங்கே காணப்படும் பெயர்களுள் ஒன்று அச்சணந்தி என்னும் முனிவருடையது. அவருடைய தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி ஒன்று மதுரைக்கு அருகே சமணமலையில் இருக்கிறது. உறவுகளைத் துறந்த முனிவரின் தாய், தன் பெயரைக் கல்லில் நிலைபெறச் செய்துவிட்டாள்! பெண் பிறவியிலேயே வீடுபேறு கூடுமா என்பதில் சமணத்தின் இரு பிரிவினரும் மாறுபடுகின்றனர். திகம்பரர் கூடாது என்பர். சுவேதாம்பரரோ பத்தொன்பதாம் தீர்த்தங்கரராகிய மல்லிநாதரே ஓர் இளவரசி என்பர். சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்குத் துணையாக மதுரை வரை நடந்து, அவளை ஆயர்குலத்து மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைத்த கவுந்தியடிகள் சமணப் பெண்துறவி. அந்தக் கண்ணகிக்குத்தான் நம் பள்ளத்தாக்கின் தென்கோடி மலைமேல் மங்கலதேவி கோட்டத்தில் சித்திரைப் பௌர்ணமியன்று ஆண்டுக்கு ஒருமுறை வழிபாடு நடைபெறுகிறது.

கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் நம்மோடு தலைமுறை தலைமுறையாக வாழும் இஸ்லாமியப் பெருமக்களின் மறை இக்கருத்தில் சொல்வது மிகவும் கடுமையானது. நபிகள் நாயகம் தோன்றிய காலத்தில் அரபு நாட்டுக் குலங்கள் சிலவற்றில் பெண் குழந்தையை உயிரோடு புதைக்கும் வழக்கம் இருந்தது. அதனைத் திருக்குர்ஆன் கண்டித்தது. இறுதி நாளில், புதைக்கப்பட்ட அந்தச் சிறுமியையே அழைத்து, எந்தக் குற்றத்துக்காக நீ கொல்லப்பட்டாய் என்று வினவப்படும் என்பது அதன் எச்சரிக்கை. கொன்றவனைக் கேட்டால் அவன் ஏதேனும் காரணம் சொல்வான். குழந்தையைக் கேட்டால் என்ன காரணம் சொல்லும்? நபிகளின் ஆண்மக்கள் சிறு பருவத்திலேயே மறைந்தனர். அவருடைய வழித்தோன்றல்கள் மகள் பாத்திமா வழியாகவே வந்தவர்கள். தந்தையின் சொத்தில் மகளுக்கு உரிய பங்கையும் அம்மறை வகுத்துக் கொடுத்தது. அது ஆண்மகன் பங்கில் பாதி என்றாலும், ஏதும் இல்லாதிருந்த இடத்தில் அது பெரும் மாற்றமே.

இராயப்பன்பட்டி முதலிய ஊர்களில் வாழும் கிறித்துவ அன்பர்கள் ஓதும் நற்செய்தியில், தொழுகைக்கூடத் தலைவர் ஒருவர் இயேசுவின் காலில் விழுகிறார். அவர் வேண்டியது பன்னிரண்டு வயது மகளின் உயிரை. பெண்தானே என்று அந்தத் தந்தை இருந்துவிடவில்லை. போகும் வழியில், பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கால் துன்புற்றுத் தீட்டென்று ஒதுக்கப்பட்டிருந்த ஒருத்தி இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள். அவர் சினக்கவில்லை, மகளே என்று அழைக்கிறார். உயிர்த்தெழுந்த பின் அவர் முதலில் காட்சி கொடுத்ததும் மகதலா மரியாள் என்னும் பெண்ணுக்கே என்று அந்நூல் கூறுகிறது. சீக்கிய நெறியிலோ, பெண் மகவைக் கொல்பவரோடு எவ்வித உறவும் கொள்ளலாகாது என்பது ஒழுக்க விதியாகவே வகுக்கப்பட்டுள்ளது.

இவற்றையெல்லாம் சொல்லும்போது ஒரு குறையை மறைப்பது நேர்மையாகாது. பெண்ணைத் தாழ்த்திச் சொல்லும் வாசகங்கள் எல்லாச் சமயத்து நூல்களிலும் உண்டு. இளமையில் தந்தைக்கும், பருவத்தில் கணவனுக்கும், முதுமையில் மகனுக்கும் அடங்கியவள் என்று விதித்த மனு நூல் நம்முடையதே. ஆண்டாளின் பாசுரத்தைப் பெரும்பாலான திருக்கோயில்களில் ஆடவர் கோஷ்டியே நின்று ஓதுகிறது என்பதும் நாம் காண்பதே. காலத்துக்கும் குலத்துக்கும் ஏற்ப மனிதர் வகுத்த விதிகள் ஒரு பக்கம். அருளாளர்கள் ஒரு பெண் மகவின் முன் நின்றபோது நடந்துகொண்ட முறை இன்னொரு பக்கம். இவ்விரண்டில் எதனைப் பின்பற்றுவது என்பதை நம் சம்பிரதாயமே தெளிவாகக் காட்டியிருக்கிறது.

நம் சம்பிரதாயம் காட்டும் வழி

வைணவம் என்று சொல்லாமல் ஸ்ரீவைஷ்ணவம் என்கிறோம். ஸ்ரீ என்பது பிராட்டி. சமயத்தின் பெயரிலேயே அவள் முன்னே நிற்கிறாள். எம்பெருமானைச் சேவிக்குமுன் தாயார் சந்நிதிக்குச் செல்வது எதற்காக? நம் குற்றங்களை எண்ணாது ஏற்றுக்கொள்ளும்படி பகவானிடம் பரிந்து பேசுகிறவள் அவளே. பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில், இராமாயணம் சிறையிருந்த சீதையின் பெருமையைச் சொல்ல வந்தது என்று நிலைநாட்டுகிறார். அந்தச் சீதையும் ஏர்ச்சாலில் கிடைத்த குழந்தையே. ஜனக மன்னர் உழுத நிலத்தில் கண்டெடுத்தார்; பெரியாழ்வார் துளசியடியில் கண்டெடுத்தார். நம் சம்பிரதாயம் தலைமேல் வைத்துக் கொண்டாடும் இரு பெண்களும், பெற்றவர் இன்னாரென்று இல்லாமல் மண்ணில் கிடைத்தவர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆழ்வார்கள் பன்னிருவருள் ஆண்டாள் ஒருத்தியே பெண். ஆனால் நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் தம்மைப் பாவித்து உருகினர். பெரியாழ்வாரோ யசோதையாகவே ஆகி, கண்ணனைத் தொட்டிலில் இட்டுத் தாலாட்டினார். எம்பெருமானை நெருங்க நெருங்க ஆண் என்ற செருக்கு கழன்று விடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கோதை பாடியவை திருப்பாவை 30 பாசுரங்களும் நாச்சியார் திருமொழி 143 பாசுரங்களுமே. ஆயினும் மார்கழி மாதத்தில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவையே ஒலிக்கிறது. திருக்கோயில்களில் நாள்தோறும் சாற்றுமுறையில் ஓதப்படுவதும் அவளுடைய இறுதிப் பாசுரங்களே. கி.பி. 1017-இல் அவதரித்த எம்பெருமானார், திருப்பாவையை இடையறாது அநுசந்தித்ததால் திருப்பாவை ஜீயர் என்றே பெயர் பெற்றார். ஒருநாள் அவர் அநுசந்தித்துக்கொண்டே மாதுகரத்துக்குச் சென்றபோது, பெரிய நம்பியின் திருமகள் அத்துழாய் வளை ஒலிக்கக் கதவைத் திறந்தாள். அவளை நப்பின்னைப் பிராட்டியாகவே கண்டு அவர் விழுந்து சேவித்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாகக் கோதை நேர்ந்துகொண்டாள். பின்னாளில் எம்பெருமானார் அதனை நிறைவேற்றி வைத்து, அவள் வாயால் அண்ணா என்று அழைக்கப்பெற்றார். தங்கையின் சொல்லைத் தன் சொல்லாகக் கருதி நிறைவேற்றுபவனே அண்ணன் என்னும் பாடம் இதில் உண்டு.

திருவரங்கம் பெரிய கோயிலில் துலுக்க நாச்சியார் சந்நிதியைச் சேவித்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அழகிய மணவாளன்பால் பேரன்பு கொண்ட இஸ்லாமிய இளவரசி ஒருத்திக்கு நம் முன்னோர் கோயிலுக்குள்ளேயே இடம் கொடுத்தனர். அவளுக்காகப் பெருமாளுக்கு ரொட்டி அமுது செய்விக்கும் வழக்கமும் ஏற்பட்டது. பக்தியுள்ள பெண்ணை எந்தச் சமயத்தவள் என்றுகூடப் பாராமல் நாச்சியார் என்று கொண்டாடிய மரபு இது. அம்மரபில் வந்தவர் வீட்டில் பிறக்கும் பெண் மகவுக்கு இடம் இல்லாமற் போகலாமா?

பிள்ளை இல்லையே என்பார்க்கு

நம் பக்கத்துப் பெரியவர்கள் இதற்கு இரு காரணங்கள் சொல்வர். கொள்ளி வைக்க ஆண்பிள்ளை வேண்டும் என்பது ஒன்று. பெண் பிறந்தால் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், தலைப்பிரசவம் என்று சீரும் செய்முறையும் செய்தே குடும்பம் கரைந்து போகும் என்பது மற்றொன்று.

முதற்காரணத்துக்குப் பெரியாழ்வாரே விடை. அவருக்கு ஆண்மகன் இருந்ததாகக் குருபரம்பரை கூறவில்லை. கண்டெடுத்த மகள் ஒருத்தியே இருந்தாள். அவளால் அவர் திருவரங்கநாதனுக்கே மாமனார் ஆனார். எந்த மகனைப் பெற்ற தந்தைக்கு இந்தப் பேறு வாய்த்தது? எம்பெருமானாருக்கும் மக்கள் இல்லை; அவர் வமிசம் சீடர்களால் தழைத்தது. சரணாகதி செய்தவனுக்கு மோட்சம் அளிப்பவன் எம்பெருமான். அதற்கு மகன் உண்டா இல்லையா என்று அவன் கணக்குப் பார்ப்பதில்லை.

இரண்டாவது காரணம் நாமே உண்டாக்கிக்கொண்டது. வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் குற்றம் என்று 1961-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு என்று தமிழகம் 1989-ஆம் ஆண்டிலும், நாடு முழுமைக்குமாக மத்திய அரசு 2005-ஆம் ஆண்டிலும் சட்டம் செய்தன. சட்டம் இருந்தும் சீர் வரிசை குறையவில்லை. பெண் செலவு என்று சொல்பவர்கள், விடியற்காலையில் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும் ஜீப்புகளைப் பார்க்கட்டும். அவற்றில் நெருக்கியடித்துச் செல்பவர்கள் யார்? நம் வயல்களில் குனிந்து நாற்று நடுபவர்கள் யார்? அவர்கள் உழைப்பில் வந்த சோற்றை உண்டுகொண்டே பெண்ணைப் பாரம் என்பது நன்றி மறந்த பேச்சு அன்றோ?

மாலையும் ஆறும்

இறுதியாக ஒன்றை நினைவூட்டி முடிக்கிறேன். வைகை பிறப்பது நம் வருசநாட்டு மலையில். 1895-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீரும் நம் பள்ளத்தாக்கு வழியாக ஓடித்தான் அதில் கலக்கிறது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மதுரையில் இறங்குவது அந்த ஆற்றிலே. அப்போது அவர் திருமார்பில் அணிந்திருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும், ஆண்டாள் சூடிக் களைந்த மாலை. மலையின் இந்தப் பக்கத்திலிருந்து நீர் செல்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து மாலை செல்கிறது. இரண்டும் அழகரிடத்தில் ஒன்று சேர்கின்றன. துளசியடியில் கிடந்த மகவு சூடிய மாலையைப் பெருமாளே விரும்பி ஏற்கும்போது, அவன் அடியார்களாகிய நாம் பெண் மகவு என்றால் முகம் சுளிப்பது பெரும் அபசாரம்.

ஆகவே அடியேனுடைய விண்ணப்பம் இவ்வளவே. வீட்டில் பெண் பிறந்தால், ஆண் பிறந்தால் வழங்கும் அதே கற்கண்டை அதே தெருவுக்கு வழங்குங்கள். குழந்தையைத் தாயார் சந்நிதிக்கு எடுத்து வந்து துளசி தீர்த்தம் பெற்றுச் செல்லுங்கள். கருவில் இருப்பது எது என்று ஒருபோதும் கேளாதீர்கள். மகனுக்கு மணம் பேசும்போது சீர் கேட்பதில்லை என்று இந்தத் திருவிழாவிலே பெருமாள் திருமுன் உறுதி செய்து கொள்ளுங்கள். மகளைப் படிக்க வையுங்கள். அவளுக்குரிய பங்கை அவளுக்கே எழுதி வையுங்கள்.

அந்த மூதாட்டி பிறகு அடியேன் கண்ணில் படவில்லை. அவர் எந்தக் குழந்தையை நினைத்துக் கேட்டார் என்பதைத் துருவிக் கேட்கவும் அடியேனுக்கு மனம் வரவில்லை. எடுக்க ஓர் ஆள் இருந்தால் போதும் என்று அவர் சொன்ன சொல்லே அடியேனுக்கு உபதேசமாயிற்று. இத்திருவிழாவில் கூடியிருக்கும் ஒவ்வொருவரும் அவ்வாறு எடுக்கும் கையினராக ஆகவேண்டும் என்று, சூடிக் கொடுத்த சுடர்க்கொடியின் திருவடிகளில் வேண்டி அமைகின்றேன்.

பெண் மக்கள் அனைவரும் பல்லாண்டு வாழ்க!

அடியேன்,
ராமாநுஜ தாஸன்